கோட்டைக்குத் திரும்பிய கற்கள்

அக்டோபர் 3, வெள்ளி

வந்து சேர்ந்தேன். இதற்கு மேல் நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மதில்தீவு என்று பெயர். மதிலைத்தான் காணோம். வள்ளத்தை விட்டு இறங்கியதும் ஊர்த் தலைவர் சந்தியாகு ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, "அந்தா தெரியுதுல்லா சார், அதான் கோட்டை" என்று கையை நீட்டினார். பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குப் பவளப்பாறையில் வெட்டிய ஒரு முருகைக்கல் சுவர், ஓரத்தில் பாதி இடிந்த கொத்தளம், சுவர் மேல் ஓர் ஆடு. மூன்றில் ஆடுதான் கொஞ்சம் கம்பீரமாக இருந்தது.

ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற என்னைத் தேடிப் பிடித்து இங்கே அனுப்பியிருக்கிறார் எங்கள் தொல்லியல் துறைத் துணை இயக்குநர். இந்த இடிபாட்டைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாமா கூடாதா என்று பார்த்து அறிக்கை தர வேண்டுமாம். அறிவிக்கச் சொல்லி மனுப் போட்டது யார்? இந்த ஊர் ஜனங்களேதான். கோட்டையின் கல்லை எல்லாம் பெயர்த்து, கோட்டைக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கிறவர்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் முத்துக்குளிக்கும் இடங்களைக் காவல் காக்கப் பாண்டியர் கட்டிய கோட்டை என்று பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. அப்புறம் ஏனோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சந்தியாகு அதை எல்லாம் கேட்கத் தயாராக இல்லை. ஏழு ராணிகள் இருந்தார்களாம், கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை போகிறதாம். தமிழ்நாட்டில் சுரங்கப்பாதை இல்லாத கோட்டை ஒன்றை யாராவது காட்டினால் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தருகிறேன்.

லூர்தம்மாள் என்கிற அம்மாளின் வீட்டில் தங்கல். மகன் கஸ்பார் வள்ளம் ஓட்டுகிறான். அவன் மனைவி ரெஜினா கர்ப்பிணி. சாப்பாட்டுக்குச் சாளை மீன் குழம்பு. அதில் குறை சொல்ல முடியவில்லை, எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 4, சனி

சுவரை அளந்தேன். டேப்பின் மறுமுனையைக் கஸ்பார் பிடித்தான். பிடித்த கை ஆடாது, வாய்தான் ஓயாது.

"எல்லாம் சேத்து எவ்வளவு சார் வருது?"

"எவ்வளவு வந்தால் உனக்கென்ன?"

"பத்துமா சார், அறிவிக்கதுக்கு?"

"பத்தாது. இது கோட்டை இல்லை, கோட்டை இருந்த இடம்."

முகம் விழுந்துவிட்டது பயலுக்கு. என்னவோ அவன் அப்பன் கட்டிய கோட்டை மாதிரி! பெருமை பீற்றிக்கொள்ள இந்த ஜனங்களுக்கு ஒரு கல்லாவது வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

ஊரே கோயிலில் இருக்கிறது. நான் மட்டும் சும்மா. காப்பி என்று ஒன்று தந்தார்கள். வாயில் வைக்க விளங்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

காலையில் போய்ப் பார்க்கிறேன், சுவர் வளர்ந்திருக்கிறது. சனிக்கிழமை இடுப்பு உயரம், இன்று நெஞ்சு உயரம். கிட்டே போனால் புதிதாக ஏறிய கல் ஒன்றில் மஞ்சள் கறை. தொட்டு மோந்தேன், மல்லியும் வத்தலும் மணக்கின்றன. அம்மிக்கல்! பாண்டியன் மதிலில் அம்மி! அதற்குப் பக்கத்தில் துவைகல், சவக்கார நுரை இன்னும் காயவில்லை. அதற்கும் மேல் யாரோ வீட்டு வாசப்படி, நடுவில் சிலுவை செதுக்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர்கள் ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறார்கள், உலகத்துக்கு இதுவரை தெரியவில்லை.

சந்தியாகுவைப் பிடித்துக் கேட்டேன். கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை.

"எல்லாம் கோட்டைக் கல்லுதான சார். எங்க பாட்டன் பூட்டன் எடுத்துட்டுப் போனது. இப்பத் திருப்பிக் குடுக்கோம்."

"வீட்டு வாசப்படியைப் பெயர்த்தா?"

"கோட்ட பெருசா இருந்தாத்தான சார் ஒங்க ஆபீஸ்ல மதிப்பாவ?"

எப்படி இருக்கிறது கதை! எந்தக் கல் எங்கே இருந்தது என்று இனி அந்தப் பாண்டியனே வந்தாலும் சொல்ல முடியாது. தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

லூர்தம்மாள் இன்று தரையில் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் மிளகாயைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மியும் சுவருக்குப் போய்விட்டது.

அக்டோபர் 8, புதன்

இவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியது என் வேலை இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்துவிட்டால் கோட்டை எல்லைக்குள் ஒரு குடிசைகூட இருக்கக் கூடாது. இங்கே வீடுகள் எல்லாமே எல்லைக்குள்தான். அறிவிப்பு வந்த கையோடு எல்லாரையும் எழுப்பிவிடுவார்கள். தங்களைத் தாங்களே வெளியே துரத்தச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார்கள் இந்தப் புத்திசாலிகள். போதாததற்கு வாசப்படியை வேறு பெயர்த்துத் தருகிறார்கள்! சிரிப்பதா, அழுவதா?

மத்தியானம் லூர்தம்மாள் தன் சங்கதியைச் சொன்னாள், நான் கேட்காமலே. போன வருஷம் இதே மருமகளுக்கு வலி எடுத்தபோது வாடைக் காற்று. கடல் கொந்தளிப்பில் எந்த வள்ளமும் இறங்க முடியவில்லை. மறுநாள் கரைக்குக் கொண்டுபோனபோது பிள்ளை இல்லை. இப்போது திரும்பவும் அதே சமயத்தில், நவம்பர் கடைசியில் தேதி.

"மழைக்கு முன்ன அறிவிச்சிருவாகளா சார்?" என்று அதே மூச்சில் கேட்கிறாள். கோட்டைக்கு மழை என்ன, வெயில் என்ன? எழுநூறு வருஷம் நின்றது இந்த மழைக்கா கரையப்போகிறது? இந்தப் பொம்பளைக்குப் பேச்சில் ஒரு கோர்வை கிடையாது. வருத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் என்னிடம் சொல்லி என்ன ஆகும்? நான் கல்லைப் பார்க்க வந்தவன்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று ராத்திரி தூக்கம் வராது. காரணம் காப்பி இல்லை.

லூர்தம்மாள் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கருங்கல் பலகையைக் கஸ்பார் சுவருக்குக் கொண்டுபோகப் புரட்டினான். அடிப்பக்கம் முழுக்க எழுத்து. "நிறுத்துடா!" என்று நான் போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடின.

கழுவி, தாள் ஒட்டி, மைப்படி எடுத்தேன். சந்தேகமே இல்லை, பாண்டியர் காலத்து எழுத்து. ஒரு மூலை உடைந்திருக்கிறது, மீதி கண்ணாடி மாதிரி வாசிக்க முடிகிறது. "இத்தீவில் நன்னீர் இன்மையில், நின்ற படையும் குடியும் கரையேற்றி, இவர்களுக்கு மனையும் இட்டோம்" என்று போகிறது. கோட்டையை ஏன் கைவிட்டார்கள் என்பதற்கு இதோ பதில்! தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறார்கள். முத்துக் கடலையே கட்டி ஆண்டவனுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு வக்கில்லை.

இத்தனை வருஷச் சர்வீஸில் எனக்கென்று ஒரு கல்வெட்டு கிடைத்ததில்லை. எவனோ கண்டுபிடித்ததைத் தேய்த்து எழுதியே காலம் போயிற்று. இதை வெளியிட்டால் துணை இயக்குநரின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

கஸ்பார் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். வாசித்துக் காட்டினேன். "அந்தக் காலத்துலயே மனை குடுத்திருக்காவளே சார்" என்றான். இவ்வளவு பெரிய கல்வெட்டில் இவன் கண்ணுக்குப் பட்டது மனைதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று தாகத்துக்கு அவர்கள் குடத்திலிருந்து நானே மொண்டு குடித்தேன். துப்பிவிட்டேன். உப்பு!

"அது எங்க தண்ணி சார். ஒங்களுக்கு அந்தச் சின்னக் குடம்" என்று ஓடி வந்தாள் ரெஜினா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அக்கரைத் தண்ணீர் எனக்கு மட்டுமாம். இவர்கள் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எனக்குக் கரையிலிருந்து வள்ளத்தில் கொண்டுவந்து தந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியைத்தான் வாயில் வைக்க விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மீது என்று தெரியவில்லை. இப்படி வெகுளியாக இருந்தால் உலகம் மொட்டையடிக்காமல் என்ன செய்யும்?

அக்டோபர் 13, திங்கள்

முடிவு செய்துவிட்டேன்.

என் கல்வெட்டைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அறிவிப்பு நிச்சயம். அறிவிப்பு வந்தால் ரெஜினா கைப்பிள்ளையோடு தெருவில் நிற்பாள். இந்த மடையர்களை இவர்களிடமிருந்தே காப்பாற்ற இங்கே என்னை விட்டால் ஆளில்லை.

மைப்படியை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். வலித்தது, பொய் சொல்வானேன். பிறகு அறிக்கை எழுதினேன்: தீவில் குறிப்பிடத்தக்க தொல்லெச்சம் ஏதுமில்லை, சுவர் அண்மைக் காலத்தில் அடுக்கப்பட்டது, பாதுகாக்கத் தகுதியில்லை. அம்மிக்கல்லைப் படம் எடுத்து இணைத்தேன். அதைவிடச் சாட்சி வேறு வேண்டுமா? கொத்தளத்தின் மேல் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் வரும். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஏறி அனுப்பினேன்.

என் புகழைக் கொடுத்து ஓர் ஊரை மீட்டிருக்கிறேன். எனக்கே என்னைப் பிடித்திருக்கிறது இன்று.

அக்டோபர் 14, செவ்வாய்

பதில் வந்தது: "ஏற்கப்பட்டது. கோப்பு முடிக்கப்பட்டது." ஒரு நன்றிகூட இல்லை.

அக்டோபர் 15, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் கோயில் முன்னால் எல்லாரையும் கூப்பிடச் சொன்னேன். என் வாயால் சொல்லி, அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க ஆசை. சட்டத்தைச் சொன்னேன். அறிவித்திருந்தால் வீட்டை விட்டு எழுப்பியிருப்பார்கள் என்றேன். எனக்குக் கிடைத்த கல்வெட்டையே மறைத்து, இங்கே ஒன்றுமில்லை என்று எழுதி, உங்களைக் காப்பாற்றிவிட்டேன் என்றேன். கை தட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன், வெட்கக்கேடு.

எல்லாரும் சந்தியாகுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்தான் பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எழுப்புவாகன்னு எங்களுக்குத் தெரியும் சார்."

"தெரியுமா?"

"கரைமேட்டுக் கோட்டைக்குள்ள குடியிருந்தவகள அப்படித்தான எழுப்புனாவ. ரோட்டு மேல மனை குடுத்து, வீடும் கட்டிக் குடுத்தாவ. ஆஸ்பத்திரி நடந்து போற தூரம், கொழாயத் தொறந்தா தண்ணி. நாங்களும் எத்தனையோ மனுப் போட்டுட்டோம் சார். ஒங்களுக்குத்தான் தீவுல வீடு இருக்கே, இன்னொண்ணு எதுக்குங்காவ. சொந்தமா மனை வாங்க எங்களால ஆவாது. கவர்மெண்டே எழுப்புனாத்தான வேற எடம் தரும்?"

"இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா?" என்று கத்தினேன்.

"வெளியப் போறதுக்காகத்தான் கேக்கோம்னு தெரிஞ்சா ஒங்க ஆபீஸ்ல தர மாட்டாவன்னு பயந்தோம்" என்றான் கஸ்பார். என் பக்கம் திரும்பவே இல்லை.

லூர்தம்மாள் எழுந்தாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அம்மியும் வாசப்படியும் பேத்துக் கொண்டாந்து வச்சமே சார். எதுக்கும்மா இப்படிச் செய்தியன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

ரெஜினா கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அழுவதைப் பார்க்கக் கூடாது என்று வந்துவிட்டேன்.

இவர்கள் தப்புத்தான். மூடி மறைத்துவிட்டு என்னைக் குறை சொன்னால் நான் என்ன ஜோசியனா?

அக்டோபர் 16, வியாழன்

கொத்தளத்தில் ஏறித் துணை இயக்குநரைப் பிடித்தேன். திருத்திய அறிக்கை தருகிறேன் என்றேன். அந்த ஆள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"திங்கக்கிழமை ஒண்ணுமில்லேன்னீங்க, இன்னிக்குக் கல்வெட்டு மொளைச்சிருச்சா? சரி, முதல் அறிக்கை பொய்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, கோப்பைத் திறக்குறேன். அப்புறம் விசாரணை வரும், பென்ஷன் நிக்கும். யோசிச்சுக்குங்க மாசிலாமணி."

கீழே இறங்கி, ஊருக்குப் போனதும் எழுதி அனுப்புகிறேன், கோப்பைத் திறக்க வைக்கிறேன் என்று லூர்தம்மாளிடம் சொன்னேன். "சரி சார்" என்றாள். வருகிற போகிற எல்லா அதிகாரிகளிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். என் போன் நம்பரைக் கஸ்பாரிடம் கொடுத்தேன், எந்த அவசரமானாலும் கூப்பிடு என்று.

வள்ளம் புறப்படும்போது ஒவ்வொருவராக வந்து சுவரிலிருந்து தங்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். மழைக் காலத்துக்கு வாசப்படி வேண்டுமே.

அக்டோபர் 20, திங்கள்

மதுரை. தீபாவளி. பேரன் வெடிச் சத்தத்தில் எதையும் யோசிக்க முடியவில்லை.

"பொய்" என்கிற சொல் எதற்கு? "மேலாய்வில் தெரியவருவதாவது" என்று நாசூக்காகத் தொடங்கினால் போதாதா? அப்படி ஒன்றை எழுதி அனுப்பினேன். துணை இயக்குநர் திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்கு அந்தச் சொல்தான் வேண்டுமாம், பழிவாங்குகிறார்.

நவம்பர் 3, திங்கள்

கஸ்பார் கூப்பிட்டான். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். ரெஜினாவைக் கரையில் யார் வீட்டிலாவது முன்கூட்டியே கொண்டுபோய் வைக்கக் கூடாதா என்று கேட்டேன். "யாரு வீட்டுல சார்?" என்றான். உறவுக்காரர்கள் எல்லாரும் தீவில்தான் இருக்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு வலி வந்த பிறகு வாங்க என்றார்களாம்.

கொஞ்சம் பணம் அனுப்பட்டுமா என்றேன். "அறிக்கைய அனுப்புங்க சார், போதும்" என்றான். திமிர்.

நவம்பர் 15, சனி

பென்ஷன் கணக்குப் பார்க்க ஆபீஸ் போனேன். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு கறுப்புப் புள்ளி இல்லை என்றார்கள். ஓய்வு பெற்றுப் பென்ஷன் கைக்கு வந்த பிறகு எழுதினால் என்ன? அப்போதும் கல் அங்கேதானே கிடக்கும். கல் எங்கே போய்விடும்?

நவம்பர் 27, வியாழன்

மழை. புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். கடலுக்கு யாரும் போக வேண்டாம் என்று டிவியில் சொல்கிறான்.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கஸ்பார் நம்பரிலிருந்து போன். எடுக்கவில்லை. எடுத்தால் அறிக்கை என்னாச்சு என்பான், நான் எதையாவது உளற வேண்டும். குளித்துவிட்டு வந்தால் மறுபடி அடித்திருக்கிறது. சாப்பிடும்போது மறுபடி. "யாருங்க, எடுத்துத்தான் பேசுங்களேன்" என்றாள் என் மனைவி. துறைக்காரன் என்றேன். இவர்களுக்குப் பொறுமை என்பதே கிடையாது. இந்தக் காற்றிலும் மழையிலும் கொத்தளத்தின் மேல் ஏறி நின்றுகொண்டா ஒரு அறிக்கையைப் பற்றிக் கேட்பார்கள்?

மத்தியானத்துக்கு மேல் அடிக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

மழை விட்டுவிட்டது. போன் வரவில்லை. கைக்குள்ளேயே வைத்திருந்தேன், வரவில்லை.

பத்து மணிக்கு நானே கூப்பிட்டேன். தொடர்பு கிடைக்கவில்லை என்கிறது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். "நேத்து அடிச்சுக்கிட்டே இருந்தவரா?" என்று மனைவி காப்பியை வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பயமாக இருக்கிறது. நவம்பர் கடைசி என்றுதானே லூர்தம்மாள் தேதி சொன்னாள்.

வெள்ளைத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். "அக்டோபர் 13 அன்று நான் அனுப்பிய அறிக்கை பொய்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.